ஒரு வகுப்பறை, பல வீடுகள்

கொழும்பிலே தமிழாசிரியனாயிருந்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவர்க்கு 'எங்கள் வீட்டுக் காலைப்பொழுது' என்னும் பொருளில் கட்டுரை எழுதக் கொடுத்தேன். மலையகத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்த சிறுவன் ஒருவன், "விடியுமுன் அம்மா பெரட்டுக்குப் போய்விடுவார்" என்று எழுதியிருந்தான். 'பெரட்டு' என்ற சொல்லைச் சிவப்பு மையாற் சுழித்துப் பிழையென்று குறித்தேன். தோட்டத் தொழிலாளரைக் காலையில் ஒன்றுகூட்டி அன்றைய வேலையைப் பகிர்ந்தளிப்பதற்கு அங்கே வழங்கும் பெயர் அது என்பதைப் பின்னரே அறிந்தேன். அதற்குப் பிறகு அவன் எழுதிய கட்டுரைகளில் அவனுடைய வீடு வரவேயில்லை.

தாய்மொழிக் கல்வியால் நாம் பெற்ற நன்மை பெரிது. 1945ஆம் ஆண்டில், கன்னங்கரா கல்வி அமைச்சராயிருந்தபோது, இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளிலும், 1953 தொடக்கம் படிப்படியாக இடைநிலை வகுப்புகளிலும் தாய்மொழியே போதனாமொழியாயிற்று. எளியவர் பிள்ளைகளுக்கும் உயர்கல்வியின் வாயில் திறந்தது. அதேவேளை, சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் வெவ்வேறு வகுப்பறைகளுக்குப் பிரிந்தனர். அப்பிரிவினைப் பற்றிப் பலரும் பேசியுள்ளனர். ஆனால் நமக்கென அமைந்த தமிழ் வகுப்பறையேனும் ஒரே தன்மையதா என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

அவ்வகுப்பறையில் யாழ்ப்பாணத்துப் பிள்ளை தன் 'அப்பு', 'ஆச்சி'யைப் பற்றிப் பேசுகிறது. முஸ்லிம் பிள்ளைக்கு 'வாப்பா', 'உம்மா' உண்டு. மட்டக்களப்புப் பிள்ளை 'மறுகா' என்று சொல்லிக் கதையைத் தொடர்கிறது. பொங்கலும் நோன்புப் பெருநாளும் நத்தாரும் கொண்டாடும் வீடுகளிலிருந்து வந்தோர் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கின்றனர். செந்தமிழைப் பிழையறக் கற்பித்தல் ஆசிரியர் கடன் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வீட்டுச் சொல்லை நகைப்புக்குரியதாக்கி அதனைக் கற்பிக்க முயன்றால், பிள்ளை வாய்மூடக் கற்றுக்கொள்ளுமே தவிர மொழியைக் கற்காது.

நமது இலக்கியமே இதற்குச் சான்று. ஈழத்தின் முதல் தமிழ் நாவலெனப் போற்றப்படும் 'அசன்பே சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. அதனை இயற்றியவர் கண்டியிற் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை. தோட்டத் தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. மட்டக்களப்பு நாட்டார் பாடல்களின் இனிமையை அறியாதார் யார்? இவற்றுள் எதனை விலக்கினும் ஈழத்துத் தமிழ் குறைவுபடும்.

ஆசிரியர் செய்யவேண்டியது அரிய செயலன்று. அறியாத சொல்லொன்று கட்டுரையில் வந்தால், சிவப்பு மையைத் தொடுமுன் அதனை எழுதிய பிள்ளையிடம் பொருள் கேட்கலாம். அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பினர்க்கு அப்பிள்ளையே விளக்கும்படி செய்யலாம். பக்கத்தில் அதற்குரிய பொதுவழக்கையும் எழுதிவிட்டால் இலக்கணமும் கெடாது. அயல் வாங்கிலிருப்பவனின் சொல்லுக்குச் செவிகொடுக்கப் பழகிய பிள்ளைக்கு, அயல் வகுப்பறைச் சிங்களப் பிள்ளையின் மொழியும் நாளடைவில் அந்நியமாய்த் தோன்றாது.

அச்சிறுவன் பாடசாலையை விட்டுச் சென்று ஆண்டுகள் பலவாயின. அவனிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வியை, அவனுக்குப் பின்வந்த மாணவரிடம் கேட்டு வந்தேன்.