கொதிகலனில் கலக்கும் கசப்பு

புனே வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பிஸ்கட் பாக்கெட்டில் வட்டத்துக்குள் ‘யு’ என்ற எழுத்து இருக்கிறதே, அது என்ன? கேம்ப் பகுதியிலுள்ள லால் தேவளுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, கொஞ்சம் சுற்றுவழியில். யூத வணிகர் டேவிட் சசூன் கட்டத் தொடங்கி 1867-இல் முடிந்த அந்தச் செங்கல் ஜெப ஆலயமும், ராஸ்தா பேட்டையில் பெனே இஸ்ரேல் மக்கள் 1921-இல் எழுப்பிய சுக்காத் ஷெலோமோவும் புனே யூதர்களின் இரு அடையாளங்கள். பெனே இஸ்ரேல் மக்கள் கொங்கணக் கரையில் செக்காட்டிப் பிழைத்தவர்கள். சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவதால் ‘சனிவார் தேலி’ என்று பெயர் பெற்றார்கள். துடுப்பும் செதிலும் உள்ள மீன், தயிருக்குப் பதில் தேங்காய்ப்பால் விட்ட ஆட்டுக்கறி என்று வீட்டு அடுப்படியிலேயே கோஷர் என்னும் யூத உணவு விதி நடந்தது. முத்திரை தேவைப்படவில்லை.

ஆலைச் சமையல் வந்ததும் நிலைமை மாறியது. அமெரிக்காவின் ஆர்த்தடாக்ஸ் யூனியன் 1923-இல் ஹைன்ஸ் பீன்ஸுக்குச் சான்று கொடுத்தது. வட்டத்துக்குள் ‘யு’ அவர்களுடையதுதான். பன்றி கூடாது, இறைச்சியும் பாலும் சேரக்கூடாது என்பது பலரும் அறிந்ததே. சான்று தருபவர்கள் அதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு மூலப்பொருளும் எந்த ஆலையிலிருந்து வருகிறது, கிளிசரின் கொழுப்பிலிருந்தா எண்ணெயிலிருந்தா, சிவப்பு நிறம் பூச்சியிலிருந்தா என்று துருவுவார்கள். பிறகு மஷ்கியாக் எனப்படும் மேற்பார்வையாளர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பார். அமெரிக்கச் சந்தைக்குப் போகும் கர்நாடகக் கெர்கின் வெள்ளரிக்கும் கேரள மசாலாச் சாறுகளுக்கும் இந்தச் சான்று வாங்குகிறார்கள்.

அந்த மேற்பார்வையாளர் ஆலைக்குள் முதலில் தேடிப் போகும் இடங்களில் ஒன்று கொதிகலன் அறை. வேடிக்கை அங்கேதான்.

இரட்டைச் சுவர்க் கொப்பரையின் சுவர்களுக்கு நடுவே நீராவி பாயும். உணவைத் தொடவே தொடாது. குளிர்ந்து நீரானதும், எரிபொருள் மிச்சம் என்று கொதிகலனுக்கே திருப்பிவிடுவார்கள். காலையில் கோஷரல்லாத கோழி சூப்பைச் சூடாக்கிய அதே நீர், மாலையில் தக்காளி சாஸ் கொப்பரைக்கு ஆவியாகப் போகும். சூட்டோடு ருசியும் உலோகத்தைக் கடக்கும் என்பது யூதச் சட்டத்தின் கணக்கு. ஆகவே சாஸும் விலக்கு! சாதப்பானையைத் தொட்ட கையால் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் ‘பத்து’ என்று கத்தும் நம் தஞ்சாவூர்ப் பாட்டிகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். திரும்பும் நீரைச் சாக்கடையில் விடலாம், தனிக் கொதிகலன் வைக்கலாம், இரண்டும் செலவு. மூன்றாவது வழி, கொதிகலன் நீரில் டெனடோனியம் பென்சோயேட்டைக் கலப்பது. மனிதன் அறிந்த மிகக் கசப்பான பொருள்களில் ஒன்று அது. கெட்டுப்போன ருசி உணவை விலக்காக்காது என்று அதே சட்டம் சொல்வதால், கசந்த நீர் தாராளமாகத் திரும்பலாம். சட்ட நூலும் வேதியியலும் கைகோத்த இந்த இடம் அழகானது.

நம் பச்சைப் புள்ளியை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. அதைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்கிறார். புள்ளி வைக்கும் முன் குழாயைத் தடவிப் பார்க்க யாரும் வருவதில்லை. மீனிலிருந்தோ இறைச்சியிலிருந்தோ எடுக்கக்கூடிய டைசோடியம் இனோசினேட் போன்ற சேர்க்கைகளின் மூலத்தையும் லேபிளில் சொல்ல வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் உத்தரவிட வேண்டியிருந்தது. சைவம் பற்றி இவ்வளவு பேசும் நாட்டில் இது அசிரத்தைதான்.

புனே வாசகருக்கு ஒரு வார்த்தை. ‘யு’வுக்குப் பக்கத்தில் ‘டி’ இருந்தால் அது பால் பொருள். வெறும் ‘கே’ மட்டும் இருந்தால் உடனே நம்பிவிட வேண்டாம்; தனி எழுத்தை யாரும் வணிகமுத்திரையாக்க முடியாது என்பதால் எவரும் அச்சடிக்கலாம். சான்றளித்தவர் யார் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள்.