சொற்பொழிவின் தோற்றுவாய்

சொற்பொழிவைத் தொடங்கும் முறை பற்றித் தொல்காப்பியமும் நன்னூலும் தனியே ஓர் இயல் வகுத்தில. ஆயினும், நூலின் முகப்பாகிய பாயிரம் பற்றி நன்னூலும், அவையோர்முன் பணிந்துரைக்கும் அவையடக்கியல் பற்றித் தொல்காப்பியச் செய்யுளியலும் கூறுகின்றன. தாம் குறைபடக் கூறினும் அதனை வகைப்படுத்தி ஏற்றுக்கொள்ளுமாறு அவையோரை வேண்டுதலே அவையடக்கத்தின் இயல்பு. பாற்கடலை நக்கப் புகுந்த பூனையைத் தமக்கு உவமையாக்கிய கம்பரும் இம்மரபினைப் போற்றியவரே. நூலுக்கு உரிய இம்மரபினை மேடைப் பேச்சுக்கும் உரிய ஒரே தொடக்கமாகக் கொள்ளலாமோ என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

இக்காலத்து மேடைகளில் இருவகைத் தொடக்கங்கள் மிகுதியும் காணப்படுகின்றன. ஒன்று, அவையிலுள்ளார் பலரையும் அடைமொழிகளோடு விளித்துத் தம் தகுதியின்மையை நெடிது கூறுவது. மற்றொன்று, பொருளோடு தொடர்பில்லாத நகைச்சுவைத் துணுக்கினாற் கைதட்டல் பெறுவது. நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் முன்னையது வெற்றெனத் தொடுத்தலையும், பின்னையது மற்றொன்று விரித்தலையும் சாரும். முன்னையது அவையை உறங்கச் செய்யும். பின்னையது சிறிது விழிக்கச் செய்து, பொருள் தொடங்கியவுடன் மீண்டும் உறங்கச் செய்யும்.

இலக்கியத்தினின்று இலக்கணத்தை வடித்தெடுத்தல் நம்மனோர் முறையாதலின், சிறந்த தொடக்கத்தின் இயல்பை இரு காப்பிய உரைகளின்வழிக் காண்போம்.

1. அனுமன் உரை

இலங்கையினின்று மீண்ட அனுமன் இராமனை அடைந்ததும் அவன் அடிகளைத் தொழுதிலன். சீதை இருந்த திசை நோக்கி நிலமுற வீழ்ந்து வணங்கினன். அக்குறிப்பினாலேயே அவள் உயிரோடு உள்ளாள் என்பதனையும், இவன் அவளைக் கண்டான் என்பதனையும், அவள் கற்பு நன்று என்பதனையும் இராமன் உணர்ந்தனன் என்பர் கம்பர். வாய் திறக்குமுன்னரே தொடக்கம் அமைந்துவிட்டது. பின்னர் அவன் உரையில் முதற்கண் நிற்பது, கண்டேன் என்னும் பொருள் தரும் வினைமுற்றாகும்.

இதன் நுட்பத்தைத் தமிழின் தொடரமைப்பு வழியே அறிதல் வேண்டும். தமிழில் வினைமுற்று இறுதியில் நிற்றலே பெருவழக்கு. உடன்பாடும் எதிர்மறையும் அவ்வினையின்கண்ணே அடங்கியுள்ளன. எனவே, சீதையின் பெயரை முதலிற் கூறியிருப்பின், கண்டதோ காணாததோ என்னும் ஐயம் தொடர் முடியுந்துணையும் கேட்போனை வருத்தும். முற்றினை முன்வைத்தமையால் அத்துயர் முதற்சொல்லிலேயே நீங்கிற்று. அதன்பின் அவள் கற்பும், தன் கண்களாற் கண்ட உறுதியும், இலங்கை என்னும் இடமும் முறையே வருகின்றன. கேட்போன் எதனை அறியத் துடிக்கின்றானோ அதுவே தலைமையிடம் பெற்றது.

2. கண்ணகி உரை

சிலப்பதிகார வழக்குரை காதையில் நிலை முற்றிலும் வேறு. அங்குக் கேட்போன் எதனையும் அறியத் துடித்தானல்லன். தீர்ப்பளித்து முடித்த அரசன் அவன். எதிரே நிற்பவளோ கணவனை இழந்து, அயலூரில் துணையின்றி நிற்கும் ஒருத்தி. அவள் சொல்லை அவன் கேளாது விடுப்பின், கோவலன் கள்வன் என்னும் பழி என்றும் நிற்கும். அவள் பேச்சு வாயிலிலேயே தொடங்கிவிடுகின்றது. ஒற்றைச் சிலம்பேந்திய கையளாய், கணவனை இழந்தவளாய்த் தன்னை அறிவிக்குமாறு வாயிலோனிடம் கூறுகின்றாள். சான்றும் வழக்கும் அவளுக்கு முன்னே அவை புகுந்தன.

நீ யார் என்பது அரசன் வினா. அவள் முதற்கண் உரைத்ததோ தன்னைப் பற்றியதன்று. ஆராய்ந்து தெளியாத மன்னன் என்று அவனையே விளிக்கின்றாள். அடுத்து, புறாவின் துயர் தீர்த்தோனையும், ஆவின் கண்ணீர்க்காகத் தன் மகனைத் தேராழியின்கீழ் இட்டோனையும் நினைவூட்டி, அவர்தம் புகார் தன் ஊர் என்கின்றாள். அதன்பின்னரே குடியும் கணவனும் கூறி, தன் பெயரை இறுதியில் வைக்கின்றாள். வினாவிற்கு விடை கூறும் போக்கிலேயே, அரசனை அளக்கும் அளவுகோலை அவன்முன் நாட்டிவிட்டாள்.

அவ்விளி வெறும் வசையாயின், அவையோர் சினம் ஒன்றே அதன் பயனாக முடிந்திருக்கும். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என அவளும், தேவியின் சிலம்பின் பரல் முத்து என அரசனும் கூறியபின், உடைந்த சிலம்பினின்று மாணிக்கம் தெறித்தது. அரசன் தானே கள்வன் என ஒப்புக்கொண்டு உயிர் துறந்தான். முதற்சொல்லிற் சாட்டிய குற்றம் இறுதியில் மெய்ப்பிக்கப்பட்டது.

3. இரண்டற்கும் பொதுவியல்பு

ஒன்று ஐயந் தீர்ப்பது. மற்றொன்று ஐயம் எழுப்புவது. எனினும் இரண்டும் பொருளின் உயிர்நிலையினின்றே தொடங்குகின்றன. முதற்சொல் ஏற்ற கடனைப் பிற்சொற்கள் தீர்க்கின்றன. கிரேக்க அறிஞர் அரிசுட்டாட்டிலும் தம் சொற்கலை நூலின் மூன்றாம் பகுதியில், உரையின் நோக்கத்தைப் புலப்படுத்தலே தோற்றுவாயின் தலையாய பணி என்றார். கேட்போர் கவனம் தொடக்கத்தினும் பிறவிடங்களிலேயே மிகுதியும் தளரும் என்பதும் அவர் கருத்து. ஆகவே, தொடக்கத்தில் மட்டும் அவையைக் கவர்தல் போதாது. கேளாரும் விரும்புமாறு மொழிதலே சொல்லின் இலக்கணம் என்பது வள்ளுவர் கொள்கை. கேளார் என்னும் சொல் கேட்க மனமில்லாதாரையும் பகைவரையும் குறிக்குமாதலின், கண்ணகியின் அவை நம் நினைவிற்கு வருகின்றது.

இவை பேரிடர்க்கண் எழுந்த உரைகள். ஆராய்ச்சிப் பேச்சிற்கு இவை பொருந்துமோ எனின், பொருந்தும். ஆராயத்தக்க பொருள் எதுவாயினும் அதனுள் விடை வேண்டி நிற்கும் ஒரு வினா உண்டு. திருக்குறளில் அவையறிதல் பற்றிப் பேசப்புகும் மாணவர், திருக்குறளின் பெருமையை விரித்துரையாது, அவையறிதலை 72ஆம் அதிகாரமாகவும் அவையஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும் வைத்தது ஏன் என வினவித் தொடங்கலாம். அறிதலின்றி அஞ்சாமை மட்டும் உடையவன் அவைக்கு எத்துணை இடராவான் என்னும் ஆராய்ச்சி அவ்வினாவினின்றே கிளைக்கும்.

அவையடக்கம் வேண்டாவென்பது எம் கருத்தன்று. அனுமனின் வணக்கமும் அடக்கமே. ஆயின் அது செய்தியைத் தாங்கிய அடக்கம். அவையோரின் காலத்தை வீணாக்காது, அவர் அறிய வேண்டுவதனை முதற்கண் வைத்தலினும் சிறந்த பணிவு பேசுவோர்க்கு இல்லை.