இடித்துரையும் தலைமையும்: பணியிட முரண்கள் குறித்துப் பொருட்பால் காட்டும் நெறி

முன்னுரை

பணியிடத்தில் பூசல் எழும்போது பணியாளரின் மனப்போக்கையே அதற்குக் காரணமாகக் கூறுவது தலைமைப் பொறுப்பிலிருப்போர் பலரின் வழக்கம். திருக்குறளின் பொருட்பால் இதனை வேறு கோணத்தில் நோக்குகிறது. அரசனையும் அமைச்சனையும் பற்றிய அதிகாரங்களை ஒருங்குவைத்து நோக்கின், கருத்துப் பரிமாற்றம் தடைப்படுவதற்கான முதற்பொறுப்பு தலைமையையே சாரும் என்பது புலனாகும். முடியாட்சிக்கால நூலை இன்றைய அலுவலகத்தோடு அப்படியே பொருத்த இயலாது. எனினும், அதிகாரம் உடையவரிடம் அது இல்லாதவர் உண்மையைச் சொல்ல நேரும் இக்கட்டு இரண்டிற்கும் பொதுவானது.

அணுகுதற்கு எளிமை

காண்பதற்கு எளியவனாகவும் கடுஞ்சொல் கூறாதவனாகவும் இருத்தலை இறைமாட்சி அதிகாரம் மன்னனின் சிறப்பாகக் கூறுகிறது (386). எளிதில் காண இயலாதவனாய், ஆராய்ந்து முறைசெய்யாத மன்னன் தானே கெடுவான் என்கிறது செங்கோன்மை (548). காண அரியவனாய்க் கடுமுகம் காட்டுபவனின் செல்வத்தைப் பேயின் பார்வைக்குட்பட்ட செல்வத்திற்கு ஒப்பிடுகிறது வெருவந்த செய்யாமை (565). மூன்று அதிகாரங்களில் இக்கருத்து மீண்டும் வருதலின், இது தற்செயலான அறிவுரை அன்று. ஆட்சியின் அடிப்படையாகவே கொள்ளத்தக்கது.

இடித்துரையும் அச்சமும்

அரசன் அறிந்தோர் சொல்லைப் புறந்தள்ளித் தானும் அறியாதவனாக இருப்பினும், உறுதியானதை எடுத்துரைத்தல் அமைச்சன் கடமை என்கிறார் வள்ளுவர் (638). அவரே, தீக்காய்பவரைப் போல மிக அகலாமலும் மிக நெருங்காமலும் மன்னரைச் சார்ந்து ஒழுகுமாறு கூறுகிறார் (691). குறிப்பும் காலமும் அறிந்து பேசவும் பணிக்கிறார் (696). இவை முரண்போலத் தோன்றினும், அதிகாரத்தின் அருகில் நிற்பவனின் இயல்பான அச்சத்தை வள்ளுவர் உணர்ந்திருந்தமையையே காட்டுகின்றன.

ஆதலின் சொல்பவனின் துணிவை மட்டும் அவர் நம்பவில்லை; கேட்பவனின் பொறையையும் வேண்டுகிறார். செவிக்குக் கைப்பான சொல்லைப் பொறுக்கும் வேந்தனின் குடைக்கீழ் உலகம் தங்கும் (389). இடித்துரைப்போர் இல்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாதபோதும் கெடுவான் (448). இக்குறள்வழி நோக்கின், மாற்றுக்கருத்தே எழாத கூட்டம் இணக்கத்தின் அடையாளம் ஆகாது; அது தலைவர் அஞ்சத்தக்க அமைதி.

இருவர் பூசலும் நடுவரும்

உடன்பணியாற்றுவோரிடை எழும் பூசலுக்குப் புறநானூற்றின் 45ஆம் பாடல் ஒரு வழி காட்டுகிறது. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட, நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்தான். இடைநின்ற கோவூர்கிழார் எவர் பக்கம் நியாயம் என ஆராயவில்லை. இருவர் கண்ணியும் ஆத்தியே என்பதைச் சுட்டி, ஒருவர் தோற்பினும் தோற்பது அவர்தம் குடியே என உணர்த்தினார். வெற்றி என்பதன் பொருளையே மாற்றிக்காட்டிய உரை இது.

ஆயினும் இவ்வழி எல்லாப் பூசலுக்கும் ஏற்றதன்று. ஒருவர் மற்றவர்க்குத் தீங்கிழைத்திருப்பின், பொதுநலத்தைக் காட்டி அமைதிப்படுத்துதல் பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதாகிவிடும். அங்கே, எவரிடத்தும் கண்ணோட்டம் காட்டாது தேர்ந்து செய்யும் முறையே (541) வேண்டப்படுவது.

முடிவுரை

அணுக எளியராதல், கைக்கும் சொல்லைப் பொறுத்தல், இடித்துரைப்போரை உடன்வைத்தல், பூசலின் தன்மையறிந்து இணக்கத்தையோ நீதியையோ தெரிதல் ஆகியவை தலைமைக்குரியனவாகப் பெறப்படுகின்றன. பணியாளரை அஞ்சாது பேசுமாறு அறிவுறுத்துவதற்கு முன், அவர் அஞ்சவேண்டாத நிலையைத் தலைவர் உருவாக்கவேண்டும் என்பதே இவற்றால் பெறப்படும் முடிவு.