மக்காவில் விட்டு வந்த மகன்

ரஜப் மாதம் பிறந்துவிட்டால் காயல்பட்டினத்தில் புகாரி ஷரீஃப் மஜ்லிஸ் நடைபெறுவதை நம்மில் பலர் அறிவோம். அரபிக் கல்லூரிகளில் இறுதி வகுப்பு மாணவர்கள் ஸஹீஹுல் புகாரியை ஓதி நிறைவு செய்வதையும் அறிவோம். திருக்குர்ஆனுக்கு அடுத்த இடத்தில் வைத்து நாம் போற்றும் அந்நூலின் பெயர் நம் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரியும். ஆனால், அதனைத் தொகுத்தளித்த இமாம் புகாரி (ரஹ்) அவர்கள், பதினாறு வயதுச் சிறுவராகப் பிறந்த மண்ணை விட்டுப் புறப்பட்ட வரலாற்றை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா?

ஹிஜ்ரி 194ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 810இல், இன்றைய உஸ்பெகிஸ்தானில் உள்ள புகாரா நகரில் இமாமவர்கள் பிறந்தார்கள். இயற்பெயர் முஹம்மது. அவர்கள் அரபு வம்சத்தினர் அல்லர். பாட்டனாரின் தந்தையான முகீராதான் அக்குடும்பத்தில் முதன்முதலாக இஸ்லாத்தைத் தழுவியவர். முகீராவின் தந்தை பர்திஸ்பா, நெருப்பை வணங்கும் மஜூஸி மதத்திலேயே இறந்தவர். பர்திஸ்பா என்னும் சொல்லுக்குப் புகாரா மக்களின் மொழியில் உழவர் என்று பொருள் கூறுவர்.

தந்தையார் இஸ்மாயீல் அவர்களும் ஹதீஸ் கற்றவர்களே. தம் செல்வத்தில் ஹராமானதோ, சந்தேகத்திற்கு இடமானதோ ஒரு திர்ஹம்கூட இருப்பதாகத் தாம் அறியவில்லை என்று மரணப் படுக்கையில் சொல்லிச் சென்ற உத்தமர். மகனார் சிறு குழந்தையாய் இருக்கும்போதே அவர்கள் மறைந்துவிட, வளர்க்கும் பொறுப்பு முழுவதையும் தாயார் ஏற்றார்கள். மகனாருக்குப் பத்து வயதளவில் ஹதீஸ்களை மனனம் செய்யும் ஆர்வம் பிறந்தது. பதினாறு வயதில் இப்னுல் முபாரக் (ரஹ்), வகீஉ (ரஹ்) ஆகிய பேரறிஞர்களின் நூல்கள் மனப்பாடமாகிவிட்டன.

ஹிஜ்ரி 210ஆம் ஆண்டு அத்தாயார், மூத்த மகன் அஹ்மதையும் இளைய மகன் முஹம்மதையும் அழைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார்கள். ஆமூ நதிக்கு அப்பாலிருந்து மக்கா செல்வது அக்காலத்தில் பல மாதப் பிரயாணம். வழி நெடுகிலும் வேறு வேறு மொழிகள், உடைகள், உணவுகள், பழக்க வழக்கங்கள். ஹஜ்ஜும் நிறைவேறிற்று. திரும்பும் வேளையில் இளைய மகன், கல்வி தேடி இங்கேயே தங்கிவிடுவதென முடிவு செய்தார். மூத்த மகனுடன் தாயார் ஊர் திரும்பினார்கள்.

பெற்றோர்களே! அந்தத் தாயின் உள்ளத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கணவரை இழந்தவர். கடிதம் போய்ச் சேருவதே அரிதான காலம். உற்றாரோ உறவினரோ இல்லாத ஊரில் பதினாறு வயதுப் பிள்ளையை விட்டுத் திரும்பும் அவ்வழியில், அவர்கள் எத்தனை முறை திரும்பித் திரும்பிப் பார்த்திருப்பார்கள்! ஆயினும் தடுத்தார்கள் இல்லை.

அரபி மொழியில் பயணத்திற்கு 'ஸஃபர்' என்று பெயர். அதன் மூலச்சொல்லுக்குத் திரையை விலக்கிக் காட்டுதல் என்னும் பொருளும் உண்டு. மனிதனுடைய உண்மைக் குணத்தை வெளிப்படுத்துவதால்தான் பயணம் அப்பெயர் பெற்றது என்று முன்னோர்கள் விளக்கம் கூறுவர். இமாமவர்களின் இளமை இவ்விளக்கத்திற்குச் சிறந்த சான்றாகும்.

சொந்த ஊரில் அவர் நினைவாற்றல் மிக்க ஒரு பிள்ளை, அவ்வளவே. அந்த ஆற்றல் எதற்காகத் தரப்பட்டது என்பது அந்நியர் நடுவில்தான் புலப்பட்டது. பதினெட்டாம் வயதில் மக்காவின் பேராசான் ஹுமைதீ (ரஹ்) அவர்களிடம் சென்றபோது, அவர்கள் ஒரு ஹதீஸைப் பற்றி வேறொருவருடன் வாதாடிக்கொண்டிருந்தார்கள். இவரைக் கண்டதும், தீர்ப்புச் சொல்ல ஆள் வந்துவிட்டார் என்று மகிழ்ந்து வழக்கை இவரிடமே ஒப்படைத்தார்கள். அரபு நாட்டு ஆசான் ஒருவர், எங்கோ புகாராவிலிருந்து வந்த இளைஞரை நீதிபதியாக ஏற்ற விந்தை இது! அதே வயதில், மதீனாவில் அண்ணலார் (ஸல்) அவர்களின் அடக்கத்தலத்தருகே, நிலவொளி வீசும் இரவுகளில் அமர்ந்து ஹதீஸ் அறிவிப்பாளர்களின் வரலாற்று நூலை எழுதலானார்கள்.

பஸ்ரா நகரில் உடன் பயின்றோர் ஏடும் எழுதுகோலுமாய் இருக்க, இவர் மட்டும் ஒன்றும் எழுதாதிருந்தார். பதினாறு நாட்கள் கழித்துத் தோழர்கள் கடிந்துகொண்டனர். அவர்கள் எழுதி வைத்திருந்த 15,000க்கும் மேற்பட்ட ஹதீஸ்களையும் இவர் மனனமாகவே ஒப்புவித்தார். தோழர்கள் தங்கள் ஏடுகளிலிருந்த பிழைகளை அதைக் கேட்டுத் திருத்திக்கொண்டனர்.

பயணம் பெருமையை மட்டுமா காட்டிற்று? வறுமையையும் காட்டிற்று. அஸ்கலானில் இருந்த ஆசான் ஆதம் இப்னு அபீ இயாஸ் (ரஹ்) அவர்களை நாடிச் சென்றபோது, ஊரிலிருந்து வரவேண்டிய பணம் தாமதமாயிற்று. புல் பூண்டுகளைத் தின்று பசியாறினார்கள், எவரிடமும் கையேந்தவில்லை. மூன்றாம் நாள், முன்பின் அறியாத ஒருவர் தீனார்கள் நிறைந்த பையைக் கொடுத்துச் சென்றார். பஸ்ராவில் ஒருமுறை உடுத்த உடையின்றி அறைக்குள் அடைந்து கிடந்தபோது, உடன் பயின்றோரே பணம் திரட்டி உடை வாங்கித் தந்தனர். அந்நிய ஊரில் அல்லாஹ் தருகின்ற உறவுகள் அவை.

பல நாட்டு மக்களோடு பழகிய அந்த உள்ளத்தின் சாயலை அவர்களுடைய நூலிலும் காணலாம். ஸஹீஹுல் புகாரியின் ஜிஹாது பாகத்தில், பாரசீகம் முதலான அரபியல்லாத மொழிகளில் பேசுவது பற்றித் தனியொரு தலைப்பே இருக்கிறது. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது இறைவனின் அத்தாட்சி எனக் கூறும் திருவசனத்தை அத்தலைப்பில் அமைத்துள்ளார்கள். மஞ்சள் சட்டை அணிந்து வந்த சிறுமி உம்மு காலித் (ரலி) அவர்களைப் பார்த்து, நபி பெருமானார் (ஸல்) அவர்கள் 'ஸனஹ்' என்று அபிசீனிய மொழியில் 'அழகு' எனச் சொல்லி மகிழ்வித்த செய்தியும் அங்கேதான் உள்ளது. நெருப்பு வணங்கியவரின் வழித்தோன்றலாக, அரபியல்லாத மொழி வழங்கும் ஊரில் பிறந்து, நபிமொழியின் காவலராய் உயர்ந்த ஒருவர் இச்செய்திக்குத் தனியிடம் தந்தது பொருத்தமன்றோ!

இமாமவர்கள் பின்னர் 16 ஆண்டுகள் உழைத்து ஸஹீஹைத் தொகுத்தார்கள். அதன் முதல் ஹதீஸை, மக்காவில் இளம் வயதில் தம்மை மதித்த அதே ஹுமைதீ (ரஹ்) அவர்களின் அறிவிப்பாகவே அமைத்தார்கள். செயல்கள் யாவும் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் ஹதீஸ் அது.

மதரஸாவில் நெடுங்காலமாகப் பாடம் நடத்திவரும் அடியேனிடம் தந்தைமார் பலர் வருகிறார்கள். "ஹஜ்ரத், பையன் சின்னப் பிள்ளை. வெளியூரில் பலதரப்பட்ட மக்களோடு சேர்ந்து தன்னையே மறந்துவிடுவானோ?" என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. பயணம் புதிதாக எதையும் படைத்துவிடாது. உள்ளே இருப்பதையே வெளிக்கொணரும். அந்தத் தாயார், மகனை அனுப்புமுன் அவர் உள்ளத்தை நிரப்பினார்கள். ஹலாலான உணவை ஊட்டினார்கள், கல்வியைத் தந்தார்கள், நெடுவழியில் தாமே கூட வந்து கஃபாவைக் காட்டினார்கள். அதன் பிறகே கையை விட்டார்கள். நிரப்பாமல் அனுப்புவது தவறு. நிரப்பிய பிறகும் பிடித்து வைத்துக்கொள்வதும் தவறுதான்.

ஹிஜ்ரி 256இல் சமர்கந்துக்கு அருகே கர்தங்க் என்னும் சிற்றூரில் இமாமவர்கள் மறைந்தார்கள். அந்தத் தாயாரோ, அன்று மகனை மட்டும் மக்காவில் விட்டுவரவில்லை. நமக்கெல்லாம் கிடைக்கவிருந்த ஒரு பெருஞ்செல்வத்தையும் அங்கே விதைத்துவிட்டே திரும்பினார்கள்.

நம் பிள்ளைகளின் உள்ளத்தை நன்மையால் நிரப்பவும், உரிய வேளையில் அவர்களை அல்லாஹ்வின் பொறுப்பில் வழியனுப்பவும் வல்ல நாயன் நமக்கு நல்லருள் புரிவானாக! ஆமீன்.