உங்களுக்குத் தெரியுமா? பார்மசி படிப்பில் போட்டி எங்கே இருக்கிறது?

"எந்த பார்மசி காலேஜில் போட்டி அதிகம்?" பிளஸ் டூ முடித்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. சில இடங்களில் சேரும்போதே போட்டி, சில இடங்களில் வகுப்புக்குள், சில இடங்களில் படிப்பு முடிந்த பிறகு. இதோ சில தகவல்கள்.

● தமிழ்நாட்டில் பி.பார்ம் சேர நீட் வேண்டாம். பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. சென்னை, மதுரை மருத்துவக் கல்லூரிகளில் உள்ள அரசு இடங்களுக்கு நெருக்கடி கவுன்சலிங்கிலேயே தொடங்கிவிடுகிறது.

● பி.பார்மில் ஒரு தியரி பாடத்துக்கு இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. 90-க்கு மேல் எடுத்த எல்லோருக்கும் 'ஓ' கிரேடு. 80-க்கு மேல் 'ஏ'. பக்கத்து பெஞ்சுக்காரர் 95 எடுத்தால் உங்கள் கிரேடு குறையாது. நோட்ஸை ஒளித்து வைப்பதில் யாருக்கும் லாபமில்லை!

● எம்.பார்ம் போக நினைப்பவர்களுக்கு உண்மையான போட்டி 'ஜிபேட்' என்ற நுழைவுத் தேர்வு. 3 மணி நேரம், 125 கேள்விகள், 500 மதிப்பெண். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போகும். தேறி எம்.பார்ம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு வழி உண்டு.

● அமெரிக்காவில் மருந்தாளுநர் ஆவதற்கான பார்ம்.டி படிப்பில் நுழைவுக்கென இருந்த 'பிகேட்' தேர்வு 2024 ஜனவரியோடு நிறுத்தப்பட்டது. 2000-ல் சுமார் 80 ஆக இருந்த பார்மசி பள்ளிகள் இப்போது 140-ஐ ஒட்டி இருக்கின்றன, விண்ணப்பிப்பவர்களோ குறைந்துவிட்டார்கள். நுழைவுப் போட்டி அங்கே பெரிதும் தளர்ந்துவிட்டது.

● கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகம், 2018-ல் பார்ம்.டி படிப்பை மூன்றாண்டாக மாற்றியமைத்தபோது 'தேர்ச்சி, தேர்ச்சியில்லை' முறைக்குப் போனது. ஏ, பி, சி கிரேடு கிடையாது.

● அதே அமெரிக்காவில் 1922-ல் தொடங்கிய 'ரோ கை' என்ற கௌரவச் சங்கம், வகுப்பில் முதல் 20 சதவீதத்துக்குள் வருபவர்களையே தேர்வு செய்யும். அங்கே பக்கத்தில் இருப்பவரின் மதிப்பெண்ணும் கணக்கில் வருகிறது.

● அங்கே மருத்துவமனைப் பணிக்கான ரெசிடென்சி இடங்கள் 'மேட்ச்' முறையில் நிரப்பப்படுகின்றன. மாணவர் தம் விருப்ப வரிசையைத் தருவார், மருத்துவமனை தன் வரிசையைத் தரும், கணினி பொருத்திவிடும். பல ஆண்டுகளாக இடங்களைவிடக் கேட்பவர்களே அதிகமாக இருந்தார்கள்.

● ஜப்பானில் 2006 முதல் மருந்தாளுநர் ஆக ஆறாண்டுப் படிப்பு. கடைசியில் இரண்டு நாள் தேசியத் தேர்வு, 345 கேள்விகள். தேர்ச்சி விகிதம் பல்கலைக்கழக வாரியாக வெளியாகும் என்பதால் மாணவர்களோடு கல்லூரிகளும் போட்டியில் நிற்கின்றன.

● பிரிட்டனில் மருந்தாளுநர் பதிவுத் தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். முதல் தாள் முழுக்கக் கணக்கு. மாதிரிக்கு ஒன்று: 12 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. வீதம் பாராசிட்டமால் தர வேண்டும். 5 மி.லி. சிரப்பில் 120 மி.கி. மருந்து இருக்கிறது. எத்தனை மி.லி.? தேவை 180 மி.கி.; விடை 7.5 மி.லி. புள்ளி ஓரிடம் தள்ளிப்போனால் 75 மி.லி.! வகுப்பில் முதலிடம் பிடித்தவரும் இதில் தவறக் கூடாது.

காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது ரேங்க் பட்டியலோடு நிற்காதீர்கள். அங்கே படிக்கும் சீனியர்களிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இன்டர்னல் மதிப்பெண்ணை எப்படிப் போடுகிறார்கள்? ஜிபேட்டுக்குச் சேர்ந்து படிக்கும் குழு இருக்கிறதா? அரியர் வைத்தவருக்கு யார் சொல்லித்தருகிறார்கள்? மூன்றாவது கேள்விக்குச் சட்டென்று பதில் வந்தால், தயங்காமல் சேரலாம்.