ஆட்டிசம் குழந்தைகளுக்கு ஆறு வயது வரை காத்திருப்பு: கேரள எல்லைத் தமிழ்க் குடும்பங்கள் தவிப்பு

புது தில்லி: ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இரண்டு வயது முதல் ஐந்து வயது வரையிலான காலமே பயிற்சிக்கு மிக முக்கியமானது என்று மருத்துவர்கள் வலியுறுத்தி வருகின்றனர். ஆனால், மத்திய அரசின் சட்டங்கள் அக்குழந்தைக்குக் கல்வியை உரிமையாக அளிப்பது ஆறு வயதில்தான். நாடு முழுவதும் உள்ள இந்தக் குறை, கேரளத்தில் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரட்டிப்பாகிறது. அங்கு மொழியும் மலைப்பாதையும் சேர்ந்து கொள்கின்றன.

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. 1999-இல் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் அதை முதலில் அங்கீகரித்தது. பின்னர் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. எனினும், இலவசக் கல்விக்கு வகை செய்யும் அச்சட்டத்தின் 31-ஆவது பிரிவு 6 முதல் 18 வயது வரை என்றே வரையறுக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும் 6 வயதில் தொடங்கி 14 வயதில் முடிகிறது. மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளின் முன்பருவக் கல்விக்கு அரசு 'ஏற்பாடு செய்யலாம்' என்பதோடு அது நின்றுவிடுகிறது.

2020-ஆம் ஆண்டின் தேசிய கல்விக் கொள்கையோ, மூன்று வயதிலிருந்தே அடித்தளக் கல்வி தொடங்குவதாகக் கூறுகிறது. கொள்கையைக் காட்டி நீதிமன்றம் செல்ல முடியாது. சட்டத்தைக் காட்டித்தான் செல்ல முடியும்.

எல்லையோர நிலவரம்

1956-இல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது தேவிகுளம், பீருமேடு பகுதிகள் கேரளத்துடனேயே இருந்துவிட்டன. பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி போன்ற ஊர்களில் தமிழே பேச்சுமொழி.

இப்பகுதி மக்களுக்கு அவசரம் என்றால் கால்கள் கிழக்கு நோக்கியே நடக்கும். மறையூர் மக்களுக்கு உடுமலைப்பேட்டை, குமுளி மக்களுக்குக் கம்பம், கொழிஞ்சாம்பாறை மக்களுக்குப் பொள்ளாச்சி அல்லது கோவை. பரம்பிக்குளம் பழங்குடியினரோ தங்கள் சொந்த ஊராட்சியான முதலமடைக்குச் செல்வதற்கே சேத்துமடை வழியாகத் தமிழகத்துக்குள் இறங்கித்தான் போக வேண்டும். மூணாறிலிருந்து இடுக்கி மாவட்டத் தலைநகரான பைனாவுக்கு மலைப்பாதையில் சுமார் 60 கி.மீ. வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சி என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், தேயிலை பறிக்கும் தாய்க்கு அது வாரத்தில் இரண்டு நாள் கூலி.

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மத்திய சமூக நீதித் துறை, ஆறு வயதுக்கு உள்பட்ட குழந்தைகளுக்காக நாடு முழுவதும் 14 ஆரம்பநிலை இடையீட்டு மையங்களைத் தொடங்கியது. கேரளத்தில் கோழிக்கோட்டிலும், தமிழகத்தில் சென்னையிலும் அவை அமைந்தன. மூணாறு லயத்தில் வசிப்பவருக்கு இரண்டுமே எட்டாத தொலைவு.

'தண்ணி'யும் 'வெள்ளமும்'

குழந்தை மூன்று வயதாகியும் பேசாவிட்டால், "அவன் அப்பாவும் நாலு வயதில்தான் பேசினான்" என்று பாட்டி ஆறுதல் கூறுவதும், வசம்பைச் சுட்டு நாவில் தடவுவதும் நம் வீடுகளில் வழக்கம். அதில் ஓராண்டு கழிந்து விடுகிறது. அதன்பிறகு நடைபெறும் பரிசோதனையில் மொழிச் சிக்கல் எழுகிறது.

வீட்டில் 'தண்ணி' என்று கேட்டுப் பழகிய குழந்தையிடம், படத்தைக் காட்டி 'வெள்ளம்' எது என்று மலையாளத்தில் கேட்டால் அது திகைக்கும். தமிழில் வெள்ளம் என்றால் ஆற்றில் வருவது. மற்ற குழந்தைகள் இரண்டு சொற்களையும் விரைவில் பிடித்துக் கொள்வர். பேச்சு வளர்ச்சியே தாமதப்படும் குழந்தை பேசாமல் இருந்தால், அது குறைபாட்டினாலா, மொழி புரியாததாலா என்பதைத் தமிழ் அறியாத பயிற்சியாளரால் எவ்வாறு பிரித்தறிய முடியும்?

இதற்குத் தீர்வாக, வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஒரே மொழியில், அதாவது மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேசுமாறு பெற்றோருக்கு அறிவுரை கூறப்படுவது உண்டு. இது ஏற்கத்தக்கதல்ல. இரு மொழிச் சூழலில் வளர்வதால் ஆட்டிசம் குழந்தைகளின் பேச்சு மேலும் பின்தங்குவதில்லை என்றே பல நாடுகளில் நடைபெற்ற ஆய்வுகள் காட்டுகின்றன. தாய்க்குச் சரளமாக வராத மொழியில் குழந்தையைக் கொஞ்சச் சொல்வதால், இருக்கும் உறவும் குறைகிறது.

மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வசதியை வலியுறுத்தும் அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவும் 'தொடக்கக் கல்வி நிலை' என்றே பேசுகிறது. இங்கும் மூன்று வயதுக் குழந்தை வெளியேதான்.

மூணாறில் ஒரு பள்ளி

அரசு செய்யத் தவறிய இடத்தில் நடைபெற்ற ஒரு முயற்சியைக் குறிப்பிட வேண்டும். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் மாற்றுத் திறன் குழந்தைகளுக்காக மூணாறில் 1991-இல் 'டேர்' என்ற சிறப்புப் பள்ளி தொடங்கப்பட்டது. டாடா நிறுவனத்தின் ஆதரவு பெற்ற சிருஷ்டி அறக்கட்டளையின் அமைப்பு இது. வளர்ந்த பிள்ளைகளுக்காக இயற்கைச் சாயம், கையால் செய்யும் காகிதம் ஆகிய தொழிற்கூடங்களும் பின்னர் உருவாயின. ஆனால், ஒரு நிறுவனத்தின் நல்லெண்ணம் அதன் தோட்ட எல்லை வரைதான் செல்லும். 2000-ஆம் ஆண்டையொட்டிப் பல தோட்டங்கள் மூடப்பட்ட பீருமேட்டில் அத்தகைய ஆதரவுக்கும் வழியில்லை.

அங்கன்வாடியே முதல் வாசல்

சிறப்பு ஆசிரியர்கள் குறித்து உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அளித்த தீர்ப்பில், தொடக்கப் பள்ளிகளில் 10 மாற்றுத் திறன் மாணவர்களுக்கு ஒருவர், அதற்கு மேற்பட்ட வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என விகிதம் ஏற்கப்பட்டது. பணியிடங்களை அறிவித்து நிரப்புமாறு மாநிலங்களுக்கு 2025 மார்ச்சில் மீண்டும் உத்தரவிடப்பட்டது. அங்கன்வாடிகளுக்கு இத்தகைய விகிதம் எதுவும் இல்லை.

எனினும், அங்கன்வாடியில் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து, மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்பி, குழந்தையை மற்ற குழந்தைகளுடன் சேர்த்தே வைத்திருப்பதற்கான நெறிமுறையை மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023 நவம்பர் 28-இல் தில்லியில் வெளியிட்டது. எல்லைப் பகுதி அங்கன்வாடி ஊழியர்களுக்கு இப்பயிற்சி தமிழில் அளிக்கப்பட வேண்டும். அவர்களுக்கு உதவ, தமிழ் அறிந்த ஒரு சிறப்பு ஆசிரியரையாவது வட்டாரத்துக்கு ஒருவராக நியமிப்பது மாநில அரசுக்குப் பெரும் செலவல்ல.

சான்றிதழைப் பொருத்தவரை சட்டம் தெளிவாக உள்ளது. மாற்றுத் திறன் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58-ஆவது பிரிவு. அதைக் கொண்டு தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்து ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வரை பெற முடியும்.

2013-இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி, அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை சுகாதாரப் பணியாளர்கள் பரிசோதிக்க வேண்டும். அழும், ஓடும் என்று அன்றைய தினம் குழந்தையை வீட்டிலேயே வைத்துக் கொள்ளும் பெற்றோர் பலர். அன்றுதான் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை என்பனவற்றைக் கூறி, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைச் சீட்டை எழுத்துமூலம் கேட்டுப் பெறலாம்.