ஹெட்போன் வாங்கப் போகும் வணிகர்களுக்கு

வெளியூர்க் கடைக்காரர் போனில் இருபது மூட்டை துவரம் பருப்பு கேட்டார். நம் கடையில் அது அறுபது என்று காதில் விழுந்தது. லாரி போய் இறக்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. நாற்பது மூட்டை திரும்பி வந்த வாடகையும், ஏற்றுகூலி இறக்குகூலியும் நம் தலையில். விசாரித்தால், கணக்குப்பிள்ளை நடைபாதையில் நூறு ரூபாய்க்கு வாங்கி மாட்டியிருந்த இயர்போன்தான் காரணம். அன்று முதல் இந்தப் பொருளையும் சரக்குப் பார்ப்பதுபோல் பார்த்தே வாங்குகிறோம்.

பெட்டியின்மேல் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று அச்சிட்டிருப்பார்கள். மனிதக் காது கேட்கும் எல்லை அது. ஆகவே மட்டமான பெட்டியிலும் அதே எண்தான் இருக்கும். 10 மி.மீ., 14 மி.மீ. என்பதும் ஒலி எழுப்பும் பாகத்தின் அளவே தவிர, தரத்தின் அளவு அல்ல. மூட்டைமேல் ‘முதல் தரம்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்தா நாம் பருப்பு வாங்குகிறோம்? கையைவிட்டு அள்ளிப் பார்க்கிறோம் அல்லவா?

ஐந்நூறு ரூபாய்க்குள் என்றால் வயர் உள்ளதே நம் கட்சி. வயரில்லாததில் அதே பணத்தில் பேட்டரி, புளூடூத், சார்ஜ் டப்பா எல்லாவற்றுக்கும் பங்கு போய்விடுகிறது. ஒலிக்கும் மைக்குக்கும் மிஞ்சுவது கொஞ்சம். அந்தச் சின்னப் பேட்டரி நாளடைவில் சார்ஜ் தாங்காது, மாற்றுவதும் எளிதல்ல. ஆனால் இப்போது பல போன்களில் பழைய உருண்டைத் துளை கிடையாது, டைப்-சி மட்டுமே. போனைக் கையோடு கொண்டுபோய்ச் செருகிப் பாருங்கள். வயர் முதலில் அறுவது பின்னோடு சேரும் இடத்தில்தான்; அங்கே கெட்டியான ரப்பர் உறை இருக்க வேண்டும்.

காதுக்குள் செருகும் வகையில் பெரும்பாலும் மூன்று அளவு ரப்பர் மூடிகள் தருவார்கள். அளவு சரியாகப் பொருந்தினால் சந்தை இரைச்சல் அடங்கும். சத்தத்தைக் கூட்ட வேண்டியதில்லை. வாரம் 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபலே எல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. லாரி நிற்கும் இடத்தில் ஒரு காதை விட்டுவைப்பது உயிருக்கு நல்லது.

வாங்கும் கடைவாசலில் நின்றே வீட்டுக்குப் போன் போட்டு, பத்து எண்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

கடை உபயோகத்துக்கு என்றால் கடை பெயரில் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். 18 சதவீத வரியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு அது கிடையாது.